அடினாய்டு, டான்சில் வீக்கத்துக்கு மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே உண்மையில் பயன் தருமா?

தூங்காத தாய் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு 5 வயது முடிந்து 4 மாதங்கள் ஆகின்றன. ஏறத்தாழ ஓராண்டாக அவன் வாயைத் திறந்தபடியே உறங்குகிறான். குறட்டைச் சத்தம் அடுத்த அறைவரை கேட்கிறது. கழுத்தைப் பின்னுக்கு வளைத்து, முகவாய் மேல்நோக்கி இருக்கும்படி படுத்துக்கொள்கிறான். நேராகத் திருப்பிப் படுக்க வைத்தாலும் சற்று நேரத்தில் பழைய நிலைக்கே வந்துவிடுகிறான். காலையில் தலையணை உறை எச்சிலால் நனைந்து கிடக்கிறது. பகலில் சளி பிடித்தவனைப் போல மூக்கடைத்த குரலில் பேசுகிறான். அவன் என்னை 'அம்மா' என்று அழைப்பது 'அப்பா' என்பதுபோல் கேட்பதை, மருத்துவர் எடுத்துச் சொல்லும்வரை வீட்டில் வேடிக்கையாகவே நினைத்திருந்தோம்.

காது மூக்கு தொண்டை மருத்துவர் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, மூக்கின் பின்புற மூச்சுப் பாதையின் பெரும்பகுதியை அடினாய்டு அடைத்துக்கொண்டிருக்கிறது என்றும், டான்சில்கள் நான்கு நிலைகளில் மூன்றாம் நிலை அளவுக்குப் பெரிதாக உள்ளன என்றும் கூறினார். உடனடியாக அறுவை சிகிச்சை வேண்டாம், மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு ஸ்ப்ரேயை ஒவ்வொரு நாசியிலும் இரவில் ஒருமுறை வீதம் 6 வாரங்கள் அடித்துவிட்டுத் திரும்ப வாருங்கள் என்றார். இன்று 12-ஆவது நாள். குறட்டையில் எந்த மாற்றமும் எனக்குத் தெரியவில்லை. மருந்தை அடித்தவுடன் அதில் பாதி மேலுதட்டில் வழிந்துவிடுகிறது. அவன் தலையைத் திருப்பிக்கொள்வதால் எந்தப் பக்கம் சரியாகப் போயிற்று என்றே சில இரவுகளில் தெரிவதில்லை.

இந்த மருந்து வீங்கிய சதையை உண்மையிலேயே சுருக்குமா, அல்லது அறுவை சிகிச்சையைச் சில மாதங்கள் தள்ளிப்போடுவதற்கு மட்டும்தானா? அடினாய்டுக்குப் பயன்படும் என்று வைத்துக்கொண்டாலும், தொண்டையில் இருக்கும் டான்சிலுக்கு மூக்கில் அடிக்கும் மருந்து எப்படிப் போய்ச் சேரும்? மருத்துவரிடம் இவற்றைக் கேட்க நினைத்தேன். வெளியே காத்திருந்தவர்களின் கூட்டத்தைப் பார்த்ததும் எழுந்து வந்துவிட்டேன்.

ஓய்வுபெற்ற குழந்தைநல மருத்துவர்

அம்மா, 12 நாள்களில் முடிவு கட்டிவிடாதீர்கள். இது மூக்கடைப்புக்குப் போடும் சொட்டு மருந்தைப் போலச் சில நிமிடங்களில் வேலை செய்வதன்று. வீங்கிய திசுவில் அழற்சியைக் குறைத்து, அங்கே செல்கள் பெருகுவதை மட்டுப்படுத்தித்தான் இது பயன் தர வேண்டும். அதற்கு வாரக் கணக்கில் காலம் பிடிக்கும். உங்கள் மருத்துவர் 6 வாரங்கள் என்று கெடு வைத்தது பொருத்தமானதே.

அடினாய்டு என்பது மூக்கின் பின்கோடியில், மென்னண்ணத்துக்கு (மேல்வாயின் பின்புற மென்பகுதிக்கு) மேலே, வாயைத் திறந்து பார்த்தால் தெரியாத இடத்தில் இருக்கும் நிணத்திசு. அது 2 வயது முதல் 6 அல்லது 7 வயதுவரை வளர்ந்து, பிறகு மெல்லச் சுருங்கி, பதின்பருவத்தில் பெரும்பாலோருக்கு இருந்த இடம் தெரியாமல் போய்விடும். 1868-இல் கோபன்ஹேகன் நகர மருத்துவர் ஹான்ஸ் வில்ஹெல்ம் மேயர் இந்த வீக்கத்தைப் பற்றி முதன்முதலாக விரிவாக எழுதியபோது, மூக்கடைத்த பேச்சையும் காது மந்தத்தையும் சேர்த்தே குறிப்பிட்டார். உங்கள் மகனின் 'அப்பா' அந்த வகையைச் சேர்ந்ததுதான். மெல்லின எழுத்து ஒலிக்க மூக்கின் வழி திறந்திருக்க வேண்டும். அந்த வழி அடைபட்டால் மெல்லினம் வல்லினத்தின் பக்கம் சாய்ந்துவிடும். இலக்கணத்தில் நாம் படித்ததைக் குழந்தையின் மூக்கு நிரூபித்துக் காட்டுகிறது.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். 1995-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 5 முதல் 11 வயதுவரையிலான 17 குழந்தைகளுக்கு பெக்லோமெத்தசோன் என்ற இதே வகை ஸ்டீராய்டு ஸ்ப்ரே கொடுத்து, 24 வாரங்களின் முடிவில் எண்டோஸ்கோபி வழியாகப் பார்த்தபோது, அடினாய்டு அடைத்திருந்த அளவு சராசரியாக 29 விழுக்காடு குறைந்திருந்தது. ஆய்வு சிறியதுதான்; ஆனால் மருந்து அடினாய்டைச் சுருக்கக்கூடும் என்ற எண்ணத்துக்கு அதுதான் வலுவான தொடக்கம். 2001-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு இதைவிடச் சுவையானது. தூக்கத்தில் மூச்சுத் தடைபட்ட 25 குழந்தைகளில் ஒரு பிரிவினருக்கு 6 வாரங்கள் ஃபுளூட்டிகசோன் என்ற ஸ்டீராய்டு ஸ்ப்ரேயும் மறு பிரிவினருக்கு மருந்துப்போலியும் (மருந்தில்லாத ஸ்ப்ரே) கொடுக்கப்பட்டன. மருந்து பெற்றவர்களுக்கு மூச்சுத் தடைபடுவது மணிக்கு 10.7 முறையிலிருந்து 5.8 முறையாகக் குறைந்தது, மற்றவர்களுக்கு 10.9 முறையிலிருந்து 13.1 முறையாகக் கூடியது. ஆனால் டான்சிலின் அளவிலோ, அடினாய்டின் அளவிலோ, பெற்றோர் சொன்ன அறிகுறிகளிலோ இரு பிரிவினருக்கும் வேறுபாடு தென்படவில்லை. அதாவது, எக்ஸ்ரேயில் தெரியும் அளவு, இரவில் மூச்சு போய்வரும் விதம், பெற்றோர் காதில் விழும் குறட்டை ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கைகோத்து நடப்பதில்லை. குறட்டை குறையவில்லை என்பதால் மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது; குறட்டை நின்றதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்றும் சொல்லிவிட முடியாது.

2008-இல் வெளிவந்த ஆய்வில், மூச்சுத்தடை லேசாக இருந்த 62 குழந்தைகளுக்கு 6 வாரங்கள் புடெசோனைடு என்ற ஸ்டீராய்டு ஸ்ப்ரே கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து பெற்ற காலத்தில் அவர்களுள் பாதிப் பேருக்குச் சற்று மேல் தூக்க ஆய்வு (உறங்கும்போது மூச்சைக் கருவிகளால் பதிவுசெய்யும் சோதனை) இயல்பு நிலைக்கு வந்தது; மருந்தை நிறுத்திய பின்பும் குறைந்தது 8 வாரங்களுக்கு அந்த முன்னேற்றம் நிலைத்தது. இவற்றைப் படித்துவிட்டு நானும் என் பணிக்காலத்தின் பிற்பகுதியில் இந்த ஸ்ப்ரேயைத் தாராளமாகவே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

பிறகு 2023-இல் ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகர ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு என் உற்சாகத்தைக் கொஞ்சம் தணித்தது. குறட்டையோடும் சிரமப்பட்ட மூச்சோடும் வந்த 3 முதல் 12 வயதுவரையிலான 276 குழந்தைகளில் ஒரு பாதிக்கு மொமெட்டசோன் ஸ்ப்ரே, மறு பாதிக்கு வெறும் உப்புநீர் ஸ்ப்ரே என்று 6 வாரங்கள் கொடுத்தார்கள். மொமெட்டசோன் பெற்றவர்களில் 44 விழுக்காட்டினருக்கு அறிகுறிகள் நீங்கின. உப்புநீர் பெற்றவர்களில் 41 விழுக்காட்டினருக்கு நீங்கின. வேறுபாடு இல்லை என்றே கொள்ள வேண்டும். இதைப் பார்த்து ஸ்டீராய்டு வீண் என்று சிலர் சொல்கிறார்கள். ஆனால் அங்கே அளந்தது பெற்றோர் சொன்ன அறிகுறிகளை. தூக்க ஆய்வை அன்று. தவிர, உப்புநீரே ஓரளவு உதவியிருக்கலாம்; எதுவுமே கொடுக்காத பிரிவு அங்கே இல்லாததால் அதை உறுதியாகச் சொல்ல முடியாது.

டான்சிலைப் பொறுத்தவரை உங்கள் ஐயம் நியாயமானது. அது தொண்டையின் பக்கச் சுவரில் இருக்கிறது; மூக்கில் அடித்த மருந்தில் பின்பக்கமாக வழிந்து விழுங்கப்படும் சிறு பகுதி மட்டுமே அதைத் தொட்டுச் செல்கிறது. டான்சில் திசுவிலும் ஸ்டீராய்டு ஏற்பிகள் இருக்கின்றன; ஆய்வுக்கூடத் தட்டில் வளர்க்கும்போது அந்தத் திசுவின் பெருக்கம் மருந்தால் குறையவும் செய்கிறது. தட்டில் நடப்பது தொண்டையில் அதே அளவுக்கு நடக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். மகனுக்கு அடைப்பின் பெரும்பங்கு அடினாய்டில் இருந்தால் ஸ்ப்ரேயிடம் ஓரளவு எதிர்பாருங்கள். டான்சில்தான் முதன்மைக் காரணம் என்றால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். உறக்கத்தில் மூச்சு நின்று பிறகு திணறிக்கொண்டு தொடங்குவது, மூச்சிழுக்கும்போது மார்புக்கூடு உள்வாங்குவது, பகலில் தூங்கி வழிவது, எடை ஏறாமல் நிற்பது, நின்றுபோயிருந்த படுக்கை நனைத்தல் மறுபடி வருவது ஆகியவற்றில் எது இருந்தாலும் 6 வாரக் கெடுவுக்குக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

மருந்தாளுநர்

மருத்துவர் ஐயா மருந்தைப் பற்றிச் சொல்லிவிட்டார். மேலுதட்டில் பாதி வழிகிறது என்ற வரியைப் படித்ததும், மருந்து இன்னும் உரிய இடத்துக்கே போகவில்லை என்று எனக்குத் தோன்றியது. இந்த ஸ்ப்ரே பயன் தரவில்லை என்று என்னிடம் திரும்பி வருபவர்களில் பலருக்கு மருந்தில் குறை இல்லை. அடிக்கும் முறையில்தான் குறை.

முதலில் புட்டியைக் குலுக்க வேண்டும். இது நீரில் மிதக்கும் நுண்துகள். குலுக்காமல் அடித்தால் ஒரு நாள் மருந்து மிகுதியாகவும் மறுநாள் குறைவாகவும் போகும். புதுப் புட்டியாக இருந்தாலும், சில நாள்கள் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும், சீரான புகைபோல் வரும்வரை காற்றில் அழுத்திப் பார்க்க வேண்டும். எத்தனை முறை என்பது உறையில் உள்ள தாளில் இருக்கும். அடுத்து மூக்கைச் சுத்தம் செய்யுங்கள். சளி நிறைந்த மூக்கில் அடிக்கும் மருந்து சளியின் மேல் உட்கார்ந்து, சளியோடு வெளியேறிவிடும். உப்புநீரை இரு பக்கமும் விட்டு, சிந்தத் தெரிந்த குழந்தையானால் சிந்தச் சொல்லி, பத்து நிமிடங்கள் கழித்து மருந்தை அடிப்பது நல்லது.

தலையை அண்ணாந்து வைப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. அண்ணாந்தால் மருந்து மூக்கின் தரையோடு ஓடித் தொண்டைக்குள் விழுந்துவிடும். கசப்பு என்று குழந்தை அழும். தலை சற்றுக் கீழ்நோக்கி, தன் கால் விரல்களைப் பார்ப்பதுபோல் இருக்கட்டும். முனையை நாசிக்குள் சிறிதளவே நுழைத்து, நடுச்சுவரை நோக்காமல், அந்தப் பக்கத்துக் காதை நோக்கிச் சாய்த்துப் பிடியுங்கள். பெரியவர்கள் தாமே அடித்துக்கொள்ளும்போது வலது நாசிக்கு இடது கையையும் இடது நாசிக்கு வலது கையையும் பயன்படுத்தினால் இந்தச் சாய்வு தானாகவே அமையும். குழந்தைக்கு நாம் அடிக்கும்போது அவன் எதிரே நிற்காமல் பின்னால் அமர்ந்து, அவன் தலையை நம் மார்பில் சாய்த்துக்கொண்டால், தலையைத் திருப்புவது பெரும்பாலும் நின்றுவிடும். நடுச்சுவரின் முன்பகுதியில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நெருங்கிக் கிடக்கின்றன. நாள்தோறும் அதே இடத்தில் பீய்ச்சினால் மூக்கு உலர்ந்து இரத்தம் கசியும். அடித்த பிறகு பலமாக உறிஞ்சச் சொல்லாதீர்கள். பூவை முகர்வதுபோல் மெல்ல மூச்சை இழுத்தால் போதும்.

இன்னொன்றையும் கேட்டுவைக்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். வீட்டில் சைலோமெட்டசோலின் அல்லது ஆக்ஸிமெட்டசோலின் சொட்டு மருந்தும் இருக்கிறதா? அடைப்பைச் சில நிமிடங்களில் திறந்துவிடுவதால் அதுதான் நல்ல மருந்து என்று பலர் அதையே வாரக் கணக்கில் போடுகிறார்கள். மூன்று முதல் ஐந்து நாள்களுக்கு மேல் போனால் அதுவே அடைப்பை உண்டாக்கும். மருந்து இறங்கியதும் மூக்கு முன்னைவிட அதிகமாக வீங்கும். இரண்டு புட்டிகளும் ஒரே அலமாரியில் இருந்து, தாத்தா ஒன்றையும் அம்மா மற்றொன்றையும் அடித்துக்கொண்டிருந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

மகளின் தந்தை

இங்கே சொல்லப்பட்டவற்றை மறுக்கவில்லை. ஆனால் ஸ்ப்ரேயின் மறுபக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன். என் மகளுக்கு 4 வயதில் இதே மருந்தை எழுதிக் கொடுத்தார்கள். முதல் மாதம் கொஞ்சம் தெளிவு இருந்தது. 'தொடருங்கள்' என்றார்கள், தொடர்ந்தோம். புட்டி தீர்ந்தால் அடுத்த புட்டி என்று 14 மாதங்கள் ஓடின. எப்போது நிறுத்துவது, எதைப் பார்த்து முடிவு செய்வது என்று நாங்கள் சென்ற இடத்தில் யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பள்ளியில் ஆசிரியை, அழைத்தால் திரும்பிப் பார்ப்பதில்லை, பிடிவாதக்காரி என்று குறைபட்டார். வீட்டிலும் தொலைக்காட்சிக்கு மிக அருகில் போய் உட்காருவாள். கண்ணில்தான் கோளாறு என்று நினைத்து முதலில் கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். பிறகுதான் கேட்புத்திறன் சோதனை செய்து, இரண்டு காதுகளிலும் செவிப்பறைக்குப் பின்னால் பசைபோன்ற நீர் தேங்கியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். நடுச்செவியிலிருந்து வரும் குழாயின் வாய் அடினாய்டுக்குப் பக்கத்திலேயே திறக்கிறது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அடினாய்டை எடுத்து, செவிப்பறையில் குரோமெட் எனப்படும் சிறு குழாயைப் பொருத்திய இரண்டாம் நாள், 'ஏன் எல்லோரும் கத்துகிறீர்கள்?' என்று எங்களைக் கேட்டாள். அந்தக் கேள்வியை நான் இன்னும் மறக்கவில்லை.

காதில் நீர் கட்டியிருக்கும் குழந்தைக்கும் இந்த ஸ்ப்ரே உதவும் என்று எங்களிடம் சொல்லப்பட்டது. பின்னாளில் தேடிப் படித்தபோது, 2009-இல் பிரிட்டனில் வெளியான ஆய்வில் காதில் நீர் தேங்கிய 4 முதல் 11 வயதுவரையிலான 217 குழந்தைகளிடம் இதே மொமெட்டசோனை மருந்துப்போலியோடு ஒப்பிட்டு, பயன் இல்லை என்று கண்டிருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். ஆகவே, தாயே, ஸ்ப்ரேயைத் தொடருங்கள், தவறில்லை. அதோடு மகனின் காதையும் ஒருமுறை சோதிக்கச் சொல்லுங்கள். மறுசோதனைக்கு நாள் குறிக்காமல் எந்தப் புட்டியையும் வாங்காதீர்கள்.

தூங்காத தாய்

மூவருக்கும் நன்றி. தலையை அண்ணாந்து வைத்துத்தான் இதுவரை அடித்துக்கொண்டிருந்தேன். நேற்று முதல் பின்னால் அமர்ந்து அடிக்கிறேன், உதட்டில் வழிவது நின்றுவிட்டது. காதுச் சோதனையைப் பற்றியும் கேட்கிறேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து என் மாமியார், பிள்ளை வளர மாட்டான் என்று வருந்துகிறார். அவரைத் தேற்ற நான் சொல்லும் பதில் எனக்கே உறுதியாக இல்லை. மற்றொன்று, எங்கள் உறவினர் ஒருவரின் குழந்தைக்கு இதோடு ஒவ்வாமைக்கும் ஆஸ்துமாவுக்கும் தரும் மான்டிலுகாஸ்ட் மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். அதையும் கேட்டு வாங்கலாமா? உப்புநீரே ஏறத்தாழ அதே பயன் தருகிறது என்றால் ஸ்டீராய்டே இல்லாமல் அதை மட்டும் செய்தால் என்ன?

ஓய்வுபெற்ற குழந்தைநல மருத்துவர்

உங்கள் மாமியாரின் அச்சம் முற்றிலும் ஆதாரமற்றது என்று சொல்ல மாட்டேன். அது எந்த மருந்தைப் பற்றியது என்பதே கேள்வி. 2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில் பெக்லோமெத்தசோன் ஸ்ப்ரேயை ஓராண்டு நாள்தோறும் இருமுறை பெற்ற குழந்தைகள் 5.0 சென்டிமீட்டர் வளர்ந்தார்கள். மருந்துப்போலி பெற்றவர்கள் 5.9 சென்டிமீட்டர் வளர்ந்தார்கள். அதே ஆண்டு மொமெட்டசோனை வைத்து ஓராண்டு நடத்திய ஆய்வில் வளர்ச்சி குறையவில்லை. காரணம் எளியது. பழைய மருந்துகள் இரத்தத்தில் கணிசமாகக் கலக்கின்றன. மொமெட்டசோனோ, விழுங்கப்படும் பகுதியையும் கல்லீரல் சிதைத்துவிடுவதால், ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகவே இரத்தத்தை அடைகிறது. உங்கள் மகன் பெறும் ஒரு நாள் அளவு இரு நாசிகளுக்கும் சேர்த்து 100 மைக்ரோகிராம். இழுப்பு (ஆஸ்துமா) வந்தால் வாய்வழி கொடுக்கும் ஸ்டீராய்டை மில்லிகிராமில் அளக்கிறோம். இரண்டுக்கும் வீரியம் வேறு என்றாலும், இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதால் வரும் குழப்பம்தான் பெரிது. மகனுக்கு இழுப்புக்கான ஸ்டீராய்டு இன்ஹேலரோ, தோலுக்கான ஸ்டீராய்டு களிம்போ ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தால் மட்டும் மருத்துவரிடம் சொல்லுங்கள். எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு இருமுறை உயரத்தைச் சுவரில் குறித்துவைத்தால் மாமியாருக்கும் கண்ணால் காண ஒன்று கிடைக்கும்.

வாய்வழி ஸ்டீராய்டைச் சில நாள்கள் கொடுத்து அடினாய்டைச் சுருக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். 1997-இல் 9 குழந்தைகளுக்கு 5 நாள்கள் கொடுத்துப் பார்த்த சிறு ஆய்வில் மூச்சுத்தடையில் குறிப்பிடத்தக்க பயன் கிட்டவில்லை.

மான்டிலுகாஸ்ட் பற்றி: அது சிலருக்கு உதவுகிறது என்பது உண்மை. ஆனால் 2020 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, மனநிலை மாற்றம், கெட்ட கனவு, எரிச்சல், தற்கொலை எண்ணம் ஆகியவை குறித்து அந்த மருந்துக்குத் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. ஏற்கெனவே தூக்கம் கெட்டு எரிச்சலோடு இருக்கும் குழந்தையிடம் புதிதாக வந்த எரிச்சலை எப்படிப் பிரித்தறிவீர்கள்? மருத்துவர் தாமாக எழுதினால் காரணத்தைக் கேளுங்கள்; நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள்.

உப்புநீரை மட்டும் வைத்துத் தொடங்குவது நியாயமான வழிதான். நான் இன்று பணியில் இருந்தால், குறட்டை மட்டுமே உள்ள குழந்தைக்கு அப்படித்தான் தொடங்குவேன். ஆனால் நீங்கள் ஏற்கெனவே ஒரு சோதனையின் நடுவில் இருக்கிறீர்கள். இப்போது மாற்றினால் எதனால் என்ன நேர்ந்தது என்று தெரியாமல் போகும். இரண்டையும் சேர்த்தே 6 வாரங்களை முடியுங்கள். முறையாக அடிக்கத் தொடங்கிய நாளிலிருந்து கணக்கு வைப்பது சரி.

மகளின் தந்தை சொன்னதில், நாள் குறிக்காமல் தொடரக் கூடாது என்பதை வரிக்கு வரி ஏற்கிறேன். அறுவை சிகிச்சை பற்றி ஒன்று சேர்க்கிறேன். 2013-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில், தூக்க மூச்சுத்தடை உறுதிசெய்யப்பட்ட 5 முதல் 9 வயதுவரையிலான 464 குழந்தைகளில் ஒரு பிரிவினருக்கு டான்சிலும் அடினாய்டும் அகற்றப்பட்டன. மற்றவர்கள் கண்காணிப்பில் வைக்கப்பட்டார்கள். 7 மாதங்கள் கழித்து அறுவை செய்தவர்களில் 79 விழுக்காட்டினருக்குத் தூக்க ஆய்வு இயல்பானது; காத்திருந்தவர்களிலும் 46 விழுக்காட்டினருக்கு இயல்பானது. முதல் எண் அறுவைக்குச் சாதகம். இரண்டாம் எண்ணைப் பார்த்த பிறகு, எந்த மருந்தால் குணமானது என்று யார் சொன்னாலும் நான் கொஞ்சம் தயங்கித்தான் நம்புகிறேன்.

மூன்று பிள்ளைகளின் அம்மா

என் வீட்டில் மூத்தவனுக்கும் கடைக்குட்டிக்கும் இதே ஸ்ப்ரே கொடுக்கப்பட்டது. மூத்தவனுக்கு 5 வாரங்களில் வாய் மூடி உறங்கும் அளவுக்கு மாற்றம் தெரிந்தது. கடைக்குட்டிக்கு மூன்று மாதங்கள் அடித்தும் ஒன்றும் நடக்கவில்லை, இறுதியில் அறுவை செய்தோம். வேறுபாட்டை மருத்துவர் விளக்கினார். மூத்தவனுக்குத் தூசு ஒவ்வாமை இருந்தது; காலையில் எழுந்ததும் வரிசையாகத் தும்முவான், மூக்கின் நுனியை உள்ளங்கையால் மேல்நோக்கித் தேய்த்துத் தேய்த்து அங்கே ஒரு கோடே விழுந்திருந்தது. அவனுக்கு அடினாய்டோடு மூக்கின் உட்சவ்வும் வீங்கியிருந்ததால் மருந்து இரண்டு இடங்களிலும் வேலை செய்திருக்கிறது. சிறியவளுக்கு ஒவ்வாமை இல்லை. டான்சில்கள் இரண்டும் உள்நாக்கைத் தொட்டுக்கொண்டிருந்தன.

மருத்துவர் ஐயாவின் கடைசி வரியைப் படித்த பிறகு மூத்தவன் தானாகவே குணமாகியிருப்பானோ என்றும் தோன்றுகிறது. எங்கள் அனுபவத்தில் உதவியது நாள்காட்டிதான்: இரவு குறட்டை இருந்தால் ஒரு கோடு, வாய் திறந்திருந்தால் ஒரு வட்டம், சளி பிடித்த நாள்களில் தேதியைச் சுற்றி ஒரு கட்டம். சளி பிடித்த வாரங்களைக் கழித்துவிட்டுப் பார்க்காவிட்டால் எந்த மருந்தும் தோற்றதுபோலவே தெரியும்.

தூங்காத தாய்

முறையாக அடிக்கத் தொடங்கி 6 வாரங்கள் முடிந்து, நேற்று மருத்துவரைப் பார்த்து வந்தேன், எழுதிவைத்துவிடுகிறேன். நாள்காட்டியில் முதல் இரண்டு வாரங்களில் ஓரிரவு விடாமல் வட்டம் இருக்கிறது. கடைசி இரண்டு வாரங்களில் 14 இரவுகளில் 5-இல் மட்டுமே வட்டம். தலையணை உறை பெரும்பாலும் உலர்ந்திருக்கிறது. குறட்டை முற்றிலும் நிற்கவில்லை. முன்னிரவில் இல்லை, விடியற்காலையில் கேட்கிறது. டான்சில் அளவு அப்படியே இருப்பதாக மருத்துவர் சொன்னார். காதுச் சோதனையில் இடது காதில் சிறிதளவு நீர் இருக்கிறது, கேட்புத்திறன் இப்போதைக்குக் குறையவில்லை. மூன்று மாதங்களில் மறுபடி பார்க்க வேண்டும் என்று தேதியே குறித்துக் கொடுத்துவிட்டார். ஸ்ப்ரேயை இன்னும் 6 வாரங்கள் தொடரச் சொன்னார். அதன் பிறகும் விடியற்காலைக் குறட்டை இருந்தால் தூக்க ஆய்வு என்கிறார். முன்னிரவில் நன்றாக உறங்குபவனுக்கு அது தேவைதானா?

ஓய்வுபெற்ற குழந்தைநல மருத்துவர்

தேவை வரலாம். குழந்தைகளுக்கு மூச்சுத்தடை பெரும்பாலும் கனவுத் தூக்கத்தில் நேர்கிறது. கனவுத் தூக்கம் இரவின் பின்பாதியில்தான் மிகுதி. அந்த நேரத்தில் தொண்டைத் தசைகள் தளர்வதால், பெரிய டான்சில்கள் உள்ள குழந்தைக்கு வழி இன்னும் குறுகும். அடினாய்டின் பங்கு குறைந்து டான்சிலின் பங்கு எஞ்சி நிற்கிறது என்று உங்கள் குறிப்பிலிருந்து எனக்குத் தோன்றுகிறது. தோன்றுவது மட்டுமே, பார்த்துச் சொல்ல வேண்டியவர் உங்கள் மருத்துவர். அவரிடம் காட்ட, விடியற்காலை நான்கு மணிக்கு மேல், போர்வையை விலக்கி மார்பும் வயிறும் தெரியும்படி இரண்டு நிமிடக் காணொளி எடுத்துக்கொள்ளுங்கள். படுத்த அரை மணி நேரத்தில் எடுத்து வரும் காணொளிகளில் எல்லாக் குழந்தைகளும் நன்றாகவே உறங்குகிறார்கள்.